கம்பியற்ற மின்சாரமும் ஏவல் கேட்கும் சுவரும்

நோர்வே நாட்டிலே, செங்குத்தான மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பள்ளத்தாக்கு ஒன்றில், றியூக்கன் என்னும் சிறு பட்டினம் இருக்கின்றது. செப்டெம்பர் மாதக் கடைசியில் மலைக்குப் பின்னே மறையும் சூரியனை அவ்வூர் மக்கள் மீண்டும் மார்ச் மாதத்திலேதான் காண்பர். இடைப்பட்ட மாதங்களில் அங்கே பகல் உண்டு, வெயில் இல்லை. இத்தனைக்கும் அது, நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தொழிலின் பொருட்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பட்டினம். மின்சாரத்துக்குக் குறைவில்லாத ஊரில் வெயிலுக்குப் பஞ்சம்! மக்கள் மலைமேல் ஏறிச்சென்று வெயில் காய்ந்து வரட்டும் என்று 1928 ஆம் ஆண்டில் அங்கே வடத்தில் ஓடும் வண்டி ஒன்று அமைக்கப்பட்டது. பின்னர், 2013 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், மக்கள் வெயிலிடம் போவதற்குப் பதிலாக வெயிலே மக்களிடம் வந்தது. பட்டினத்துக்கு மேலே 450 மீற்றர் உயரத்தில், மலைச்சரிவிலே, ஒவ்வொன்றும் 17 சதுர மீற்றர் பரப்புள்ள மூன்று ஆடிகள் நிறுத்தப்பட்டன. சூரியன் நகர நகர, கணினி அவ்வாடிகளைத் திருப்புகின்றது. ஊரின் நடுச் சதுக்கத்திலே ஏறத்தாழ 600 சதுர மீற்றர் நிலத்தில் வெயில் விழுகின்றது.

இந்த ஆடிகள் ஒளியை உண்டாக்கவில்லை. எங்கோ வீணே போகவிருந்த ஒளியை வேண்டிய இடத்துக்குத் திருப்பிவிட்டன, அவ்வளவே. கம்பியின்றி மின்வலுவை அனுப்பும் முயற்சியில் விஞ்ஞானிகள் அண்மைக் காலத்தில் கையாளத் தொடங்கியிருக்கும் உபாயமும் இதுவே. ஆனால் அவர்கள் நிறுத்தும் ஆடி அசைவதில்லை. சுவரில் அறைந்த பலகைபோல இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, தன்மேற் படும் அலைகளைச் சொன்ன திசைக்கு அனுப்புகின்றது. அஃது எவ்வாறு இயல்கின்றது, அதனால் எவ்வளவு பயன் கிடைக்கும் என்னும் இரண்டும் அறியத்தக்கவை.

கம்பியில்லாமல் வலு வருவது வானொலி நேயர்களுக்கு முற்றிலும் புதிய செய்தியன்று. ஒலிபரப்பு நிலையத்திலிருந்து புறப்படும் ஒவ்வோர் அலையும் சிறிது சக்தியைச் சுமந்துகொண்டுதான் வருகின்றது. ஆயினும் வானொலிப் பெட்டி பேசுவது அந்தச் சக்தியினால் அன்று. வீட்டு மின்சாரத்தினாலோ மின்கலத்தினாலோதான். அலை செய்தியைக் கொணர்கின்றது, உழைப்பது மின்கலம். 1895 ஆம் ஆண்டில் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தா நகர மண்டபத்திலே, சுவர்களை ஊடுருவிச் சென்ற அலைகளைக் கொண்டு அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். கண்டவர்கள் வியந்தனர். எனினும் அங்கேயும் மணியை அடித்த வலு அருகிலிருந்த மின்கலத்தினுடையது. அலை உத்தரவு மட்டுமே கொடுத்தது. "படமும் பாட்டும் ஆகாயத்தில் வருகின்றன, மின்சாரம் மட்டும் ஏன் வரக்கூடாது?" என்று கேட்போர் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். செய்தி சொல்ல எத்துணை மெலிந்த அலையும் போதும். வேலை செய்ய அது போதாது.

இதற்கு ஓர் அழகிய விலக்கும் உண்டு. 1920 ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் வழங்கிய பளிங்கு வானொலியே அது. நீண்ட ஏரியல் கம்பி, ஒரு கம்பிச்சுருள், கலீனா என்னும் ஈயக் கனிப்பொருளின் சிறு துண்டு, காதிலே பொருத்தும் கருவி ஆகியவை மட்டுமே அதன் உறுப்புக்கள். மின்கலம் கிடையாது. நிலையத்திலிருந்து வந்த அலையின் வலுவே காதுக் கருவியின் தகட்டை அசைத்தது. அந்த மெல்லிய ஒலியைக் கூர்ந்து கேட்டவர்கள், தம்மை அறியாமலே கம்பியற்ற மின்சாரத்தைத் துய்த்தவர்கள்.

மின்னலைகளை ஆடி கொண்டு திருப்பலாம் என்பது அவ்வலைகள் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலேயே தெரிந்துவிட்டது. ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரிலே ஆசிரியராயிருந்த ஹேர்ட்ஸ் என்பவர், 1888 ஆம் ஆண்டில், துத்தநாகத் தகட்டைப் பரவளைவு வடிவில் வளைத்து, ஆளுயரத்துக்கு மேற்பட்ட இரண்டு ஆடிகளைச் செய்தார். ஒன்றின் முன்னே தோன்றிய தீப்பொறியினால் எழுந்த அலைகள் மற்றையதின் முன்னே குவிந்து அங்கும் நுண்ணிய தீப்பொறியைத் தோற்றுவித்தன. ஒளியைப் போலவே இவ்வலைகளும் தெறிக்கின்றன, முறிகின்றன என்று அவர் நிலைநாட்டினார்.

வலு அனுப்பும் கனவைப் பெரிதாகக் கண்டவர் நிக்கொலா ரெஸ்லா. அமெரிக்காவின் லோங் தீவிலே 1901 ஆம் ஆண்டில் அவர் எழுப்பத் தொடங்கிய கோபுரம், பணமுடையினால் நின்றுபோய், 1917 இல் இடித்துத் தள்ளப்பட்டது. ரெஸ்லாவின் பெயரைச் சுற்றி எழுந்த கதைகள் பல. ஆனால் உண்மையில் கற்றையாக வலுவை அனுப்பி வேலை வாங்கிக் காட்டியவர், அவ்வளவு புகழடையாத வில்லியம் பிறவுண் என்னும் பொறியியலாளர். றேதியன் கம்பனியைச் சேர்ந்த அவர், 1964 ஆம் ஆண்டில் சிறிய ஹெலிகொப்ரர் ஒன்றைக் கீழிருந்து செலுத்திய நுண்ணலைக் கற்றையினாலேயே பறக்கவிட்டார். அதில் எண்ணெயும் இல்லை, மின்கலமும் இல்லை. அதன் அடியிலே ஏரியல்களும், அலையை நேர்மின்னோட்டமாக மாற்றும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட இருவாயிகளும் வலைபோற் பின்னப்பட்டிருந்தன. பக்கவாட்டில் விலகாதபடி கயிறுகள் பிடித்திருக்க, அது பத்து மணி நேரம் தொடர்ந்து அந்தரத்தில் நின்றது.

பதினொரு ஆண்டுகளின் பின், 1975 இல், கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்திலே கோல்ட்ஸ்ரோன் என்னுமிடத்தில் இதனிலும் பெரிய பரிசோதனை நடைபெற்றது. 26 மீற்றர் விட்டமுள்ள கிண்ண ஏரியலிலிருந்து புறப்பட்ட கற்றை, 1.54 கிலோமீற்றருக்கு அப்பால் கோபுரத்தில் நிறுத்திய வாங்கியைத் தாக்கியது. 30 கிலோ உவாற்றுக்கு மேற்பட்ட மின்வலு அங்கே கிடைத்தது. வாங்கியின்மேற் பட்ட வலுவிலே நூற்றுக்கு 82 பங்குக்கு மேல் மின்சாரமாக மாறியது. ஆகவே அலையை மின்சாரமாக மாற்றுவதில் பெரிய தடை இல்லை என்பது அரை நூற்றாண்டுக்கு முன்பே தெளிவாகிவிட்டது. 2015 ஆம் ஆண்டில் யப்பானியர் 500 மீற்றர் தூரத்துக்கு 10 கிலோ உவாற்று வலுவைச் செலுத்திக் காட்டியபோதும் அடிப்படை இதுவே.

பின் ஏன் இன்னும் நம் வீடுகளிற் கம்பி தொங்குகின்றது? பாலைவனத்தில் இருந்தவை மூன்று: மாபெரும் கிண்ணம், அசையாத வாங்கி, இடையில் எதுவுமில்லாத வெட்டவெளி. வீட்டிலும் தொழிற்சாலையிலும் இம்மூன்றும் இல்லை. அங்கே அலைகள் எல்லாப் பக்கமும் சிதறுகின்றன.

சிதறுதலின் கொடுமையை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். ஓர் உவாற்று வலுவை எத்திசையும் சமமாக வெளிவிடும் ஏரியல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பத்து மீற்றர் தூரத்தில் அந்த வலு 1257 சதுர மீற்றர் கோளப்பரப்பின் மீது பரந்துவிடுகின்றது. அங்கே உள்ளங்கையளவான, நூறு சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள வாங்கியை வைத்தால், அதற்குக் கிடைப்பது ஓர் உவாற்றின் பத்து இலட்சத்தில் எட்டுப் பங்கு. எட்டு மைக்குரோ உவாற்று என்பர். அனுப்பியதில் ஒன்றேகால் இலட்சத்தில் ஒரு பங்கு! தூரம் இரட்டித்தால் அதுவும் காலாகக் குறையும். நடுவிலே இரும்பு அலுமாரி ஒன்று நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மீதி வலு எங்கே போயிற்று? சுவரிலும் கூரையிலும் தரையிலும் பட்டு, சிறிது உட்கிரகிக்கப்பட்டு, சிறிது கண்டபடி தெறித்துப் போயிற்று. அவ்வாறு தெறித்தவற்றிற் சில வாங்கியை அடைவதும் உண்டு. ஆனால் அவை ஒழுங்கின்றி வருகின்றன. ஓர் அலையின் முடி வரும்போது இன்னோர் அலையின் தாழி வந்தால், ஒன்றையொன்று அழித்துவிடும். குளத்தில் இரு கற்களை எறிந்து பார்ப்பவர்கள், வளையங்கள் குறுக்கிடும் சில இடங்களில் நீர் எழும்புவதையும் சில இடங்களில் அசையாதிருப்பதையும் காணலாம். பத்துப் பேர் தேர்வடத்தைப் பிடித்தாலும், ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது. எல்லாரும் ஒரே தாளத்தில் இழுக்க வேண்டும். சுவரிலிருந்து தெறிக்கும் அலைகளையும் அவ்வாறு ஒரே தாளத்துக்குக் கொண்டுவருவதே புதிய தெறிபரப்பின் வேலை.

தெறிக்கும் பலகைகள் தாமாகவே புதுமையல்ல. மலைநாடுகளிலே, ஒரு நுண்ணலை நிலையம் இன்னொன்றைக் காணமுடியாதவாறு குன்று மறைத்தால், குன்றின்மேல் பெரிய உலோகத் தட்டியை நிறுத்தி அலைகளைத் திருப்பி அனுப்புவது வழக்கம். 1960 ஆம் ஆண்டில் அமெரிக்கர் வானில் ஏற்றிய எக்கோ என்னும் நூறடி விட்டமுள்ள பலூனும் அத்தகைய ஒரு தெறிப்பானே. ஆனால் அவை ஒருமுறை நிறுத்தினால் நிறுத்தியபடியே தெறிப்பவை. வாங்கி இடம் மாறினால் அவற்றாற் பயனில்லை.

புதிய பலகையோ சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. நுண்ணலை அடுப்பிலே பயன்படும் அலை, செக்கனுக்கு 245 கோடி தடவை அதிர்வது. அதன் நீளம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர். கட்டம் ஒவ்வொன்றும் அதன் பாதியளவு என வைத்துக்கொண்டால், ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் உள்ள பலகையில் வரிசைக்குப் பதினாறாக 256 கட்டங்கள் அமையும். ஒவ்வொரு கட்டத்திலும் மெல்லிய செப்புத் தகடும், அதனோடு இணைந்த ஒரு சிறு இருவாயியும் உண்டு. இருவாயிக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை மாற்றினால், அக்கட்டத்திலிருந்து தெறிக்கும் அலை சிறிது முந்தியோ பிந்தியோ புறப்படுகின்றது. கட்டம் அலையைப் பெருக்குவதில்லை. அதன் தாளத்தை மட்டுமே மாற்றுகின்றது. 256 கட்டங்களிலிருந்தும் புறப்படும் அலைகள் ஓரிடத்தை அடையும்போது அவற்றின் முடிகள் யாவும் ஒன்றாக வந்து சேருமாறு இந்த முந்துதலும் பிந்துதலும் அமைக்கப்படுகின்றன. பத்துப் பதினைந்து மீற்றருக்கு உட்பட்ட தூரத்தில், இத்தகைய பலகை குவிவில்லையைப் போல அலைகளை ஒரு சிறு இடத்தில் குவிக்கவும் வல்லது.

மிக எளிய பலகைகளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே நிலைகள் உண்டு: நேர் அல்லது தலைகீழ். சீனாவின் நான்ஜிங் நகரத் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் 2014 ஆம் ஆண்டில் இவ்விரு நிலைகளையும் கணினியின் பூச்சியம், ஒன்று என்னும் குறிகளாகவே கொண்டு பரப்பை எழுதும் முறையை வெளியிட்டனர். இரண்டே நிலைகள் என்பதனால் சிறிது இழப்பு ஏற்படத்தான் செய்யும். குறைவற்ற பலகை தருவதில் நூற்றுக்கு 40 பங்கே கிடைக்கும். நான்கு நிலைகள் வைத்தால் அது 81 ஆக உயர்கின்றது. ஆகவே அதற்கு மேலும் நுணுக்கம் தேடிச் செலவிடுவது பெரும்பாலும் வீண்.

இத்தகைய பரப்புக்கு ஆங்கிலத்திலே 'புத்தியுள்ள தெறிபரப்பு' என்னும் பொருளுடைய பெயரை இட்டிருக்கின்றனர். பெயர் சற்று மிகையானது. அதனிடம் உள்ளது புத்தியன்று, கீழ்ப்படிவு. புத்தி அதனை ஆட்டுவிக்கும் கணினியிடமும், கணினிக்கு வழி வகுத்த மனிதரிடமுமே இருக்கின்றது.

இனிப் பயனைப் பார்ப்போம். முன்னர்க் கூறிய ஓர் உவாற்று ஏரியலும் உள்ளங்கை வாங்கியும் அப்படியே இருக்கட்டும். நேர்வழியை அலுமாரி அடைத்துவிட்டது. இருவருக்கும் ஐந்தைந்து மீற்றர் தூரத்தில், இருவரையும் காணத்தக்க சுவரிலே, ஒரு சதுர மீற்றர்ப் பலகையை மாட்டுகின்றோம். எல்லாம் குறைவின்றி அமைந்தால் வாங்கிக்கு 80 மைக்குரோ உவாற்றுக்கு மேல் கிடைக்கும் என்று கணக்குக் காட்டுகின்றது. இரு நிலைப் பலகையானாலும் முப்பதுக்குக் குறையாது. தடையற்ற நேர்வழியில் பத்து மீற்றரில் கிடைத்திருக்கக்கூடியதோ எட்டுத்தான்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் 2018, 2019 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இன்னொரு சிறப்பையும் எடுத்துக்காட்டியது. கட்டங்களின் தொகையை இரட்டித்தால் கிடைக்கும் வலு இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றது. காரணம் மாயமன்று. பெரிய பலகை இரு மடங்கு அலையை ஏந்திக்கொள்கின்றது. ஏந்தியதை இரு மடங்கு கூர்மையாகவும் குவிக்கின்றது. இரண்டும் சேர்ந்து நாலாகின்றன. இதைக் கேட்டுப் பலகையைப் பெருக்கிக்கொண்டே போனால் அனுப்பியதைவிட அதிகம் பெறலாம் என எண்ணிவிடக் கூடாது. பலகை தூரத்துடன் ஒப்பிடச் சிறிதாயிருக்கும் வரையில்தான் இந்த விதி செல்லும். அது மிகப் பெருத்தால் வளர்ச்சி தானே மெலிந்து நின்றுவிடும்.

மேலும், இவ்வழியில் இரட்டை வரி ஒன்று உண்டு. அலை ஏரியலிலிருந்து பலகைக்கு வரும்போது ஒருமுறை சிதறுகின்றது. பலகையிலிருந்து வாங்கிக்குப் போகும்போது மறுபடி சிதறுகின்றது. இரு தூரங்களையும் பெருக்கி, அப்பெருக்கத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வலு குறைகின்றது. பலகையை நடுவழியில் மாட்டுவதே நியாயம் என்று யாருக்கும் தோன்றும். கணக்கு வேறுவிதமாகச் சொல்கின்றது. ஐந்தை ஐந்தால் பெருக்கினால் இருபத்தைந்து. ஒன்றை ஒன்பதால் பெருக்கினால் ஒன்பதே. ஆகையால், பத்து மீற்றர் வழியிலே, ஒரு சிறு பலகையை நடுவில் வைப்பதைவிட ஒரு முனைக்கு ஒரு மீற்றர் அருகில் வைத்தால் ஏழு மடங்குக்கு மேற்பட்ட வலு கிடைக்கும். விளக்கின் அருகே வை, அல்லது வாசிப்பவனின் அருகே வை. இடையிலே மட்டும் வைக்காதே என்பதுதான் விதி.

எண்பது மைக்குரோ உவாற்று என்பது அனுப்பியதில் பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இதைக் கொண்டு கேத்தலில் நீர் கொதிக்க வைக்க முடியாது, விசிறி சுழலாது, கைத்தொலைபேசியை நிரப்பவும் ஆண்டுக்கணக்கு ஆகும். 'இனி வீடுகளிற் கம்பியே இராது' என்று விளம்பரஞ் செய்வோரை நம்பிப் பணம் போடுவோர் இந்த எண்ணை ஒருமுறை எழுதிப் பார்ப்பது நன்று.

ஆயின் பலகையின் உண்மையான பெறுமதி வேறிடத்தில் இருக்கின்றது. குளிர்க் களஞ்சியத்திலே வெப்பநிலையை அளக்கும் கருவி, பாலத்தின் உள்ளே அதிர்வை அளக்கும் கருவி, பண்டப் பொதிகளில் ஒட்டும் அடையாளச் சில்லு என்பன மிகச் சிறிய வலுவிலே வாழ்பவை. நிமிடத்துக்கொருமுறை அளந்து, ஒரு நொடி பேசி, மறுபடி உறங்கிவிடுபவை. இவற்றுக்குள் இருக்கும் மின்கலம் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். கொங்கிறீற்றுக்குள் புதைத்த கருவிக்கு மின்கலம் மாற்றுவது எப்படி? ஆயிரம் கருவிகள் உள்ள தொழிற்சாலையில் நாள்தோறும் ஏணி தூக்கித் திரிவது யார்? கழித்தெறிந்த மின்கலங்களின் நஞ்சு எந்த மண்ணிற் சேரும்?

இக்கருவிகளில் அலையை மின்சாரமாக மாற்றும் இருவாயிக்கு ஒரு குணம் உண்டு. வலுவான கற்றையில் அது திறமையாக வேலை செய்யும். கோல்ட்ஸ்ரோனில் கண்டது அதுவே. வலு மெலிய மெலிய அதன் திறமையும் விரைந்து குன்றும். மின்கலமற்ற அடையாளச் சில்லுகளிற் பல, பத்து மைக்குரோ உவாற்று அளவுக்குக் கீழே விழித்தெழுவதே இல்லை. ஆகவே எட்டுக்கும் முப்பதுக்கும் உள்ள வேறுபாடு, சாதாரணக் கணக்கில் நாலு மடங்கு. கருவியின் கணக்கிலோ உயிருக்கும் உயிரின்மைக்கும் உள்ள வேறுபாடு. பலகை செய்யும் உதவி இந்த வாசற்படியைத் தாண்ட வைப்பதே.

இடர்களும் இல்லாமலில்லை. பலகையை இயக்கும் கணினிக்கும் இருவாயிகளுக்கும் மின்சாரம் வேண்டும். நூறு கருவிகளுக்கு ஒரு பலகை என்றால் அச்செலவு தகும்; ஒரே கருவிக்கென்றால் மின்கலத்தையே மாற்றிவிடலாம். இதனிலும் பெரிய இடர், வாங்கி எங்கே இருக்கின்றது என்று பலகைக்குத் தெரியாதது. இரு நிலைகளையுடைய 256 கட்டங்களில் இயலக்கூடிய சேர்க்கைகளின் தொகையை எழுதினால் அது 78 இலக்கங்கள் கொண்ட எண்ணாகும். ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க உலகத்தின் ஆயுள் போதாது. வாங்கியே ஒரு குரல் கொடுத்துத் தன் இடத்தைச் சொல்லலாம். ஆனால் குரல் கொடுக்க அதற்கு வலு வேண்டும்; வலு கிடைக்க முதலில் பலகை அதைக் கண்டுபிடிக்க வேண்டும். மரம் முந்தியோ, விதை முந்தியோ என்னும் வழக்குத்தான்! இதற்கு ஆய்வாளர் கைக்கொள்ளும் ஒரு வழி, முன்கூட்டியே தெரிந்தெடுத்த சில நூறு அமைப்புக்களை மாத்திரம் வரிசையாக மாற்றி, கலங்கரை விளக்குப்போல் அறையெங்கும் கற்றையைச் சுழற்றுவது. கற்றை பட்டுப்பட்டுச் சிறுகச் சிறுகச் சக்தியைச் சேமித்த கருவி, ஒருநேரம் குரல் கொடுக்கும். அதன்பின் பலகை அதன் பக்கம் நிலைகொள்ளும்.

மனித உடலுக்குத் தீங்கு வருமோ என்னும் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. இவ்வகை அலைகளுக்குப் பொதுமக்கள் விடயத்தில் அனைத்துலக வழிகாட்டிகள் விதித்திருக்கும் எல்லை, சதுர மீற்றருக்கு 10 உவாற்று. உச்சிவெயிலின் வலு அதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. ஓர் உவாற்றுப் பலகை விளையாட்டு அந்த எல்லையை எட்டியும் பார்ப்பதில்லை. ஆனால் அனுப்பும் வலுவைப் பல நூறு மடங்கு கூட்டி, குவியும் இடத்தில் ஒருவர் தலை நுழைந்தால் கதை வேறு. பலகை கற்றையை மறுபக்கம் திருப்ப ஒரு கணமும் ஆகாது. எனினும் ஆள் வந்திருப்பதை அதற்கு யாரேனும் அறிவிக்க வேண்டும்.

2022 ஆம் ஆண்டில் யப்பான் அரசாங்கம் தன் விதிகளைத் திருத்தி, கட்டடங்களின் உள்ளே மூன்று மீடிறன் பட்டைகளில் இவ்வாறு வலு அனுப்புவதற்கு இடங்கொடுத்தது. அவற்றுட் குறைந்த மீடிறனுள்ள பட்டைக்கு விதித்த எல்லை ஓர் உவாற்று. மேலே எண்ணிப் பார்த்த கணக்கும் அந்த அளவினதே. தெறிபரப்புக்கள் இன்று பெரும்பாலும் ஆய்வுகூடங்களிலும், தொலைத்தொடர்புக் கம்பனிகளின் பரிசோதனைகளிலும் இருக்கின்றன. அங்கே அவை முதலிற் கற்றுக்கொண்டிருப்பது செய்தியைத் திருப்பி அனுப்ப. வலுவைத் திருப்பி அனுப்பும் வேலைக்கு அவை முதலிற் செல்லக்கூடிய இடம், ஆள் நடமாட்டம் குறைந்து, கருவிகள் மலிந்து, அலுமாரிகளும் அடுக்குகளும் நேர்வழியை மறைத்து நிற்கும் பண்டசாலைகளாகவே இருக்கும்.